கலேவெல வெயிலில் எந்தக் கமரா கண்ணுக்குத் தெரியும்?

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ6 வீதியில், உலர் வலயத்தின் வாசலில் இருக்கிறது கலேவெல. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7.75 பாகையில் அமைந்த ஊர். ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டியும், சூரியன் இதன் நேர் உச்சிக்கு வரும். பகல் பன்னிரண்டே கால் ஆவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டு வருவதும் அந்த ஏப்ரல் நாட்களில்தான். ஆண்டில் அதிகமாகப் படம் பிடிக்கப்படும் நாட்களும், திரையில் ஒன்றுமே தெரியாத நாட்களும் இங்கே ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

மைதானத்தில் வழுக்குமரம் ஏறுகிற இளைஞரைப் படம் எடுக்கக் கமராவைத் தூக்குகிறவருக்கு, அந்த நேரத்தில் திரையில் தெரிவது தன் முகம்தான். அதற்குப் பின்னால் வானம், கீழே தன் சட்டை, நடுவில் எங்கேயோ மங்கலாக ஒரு மரம். குத்துமதிப்பாக அழுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், ஏறியவரின் தலை படத்துக்கு வெளியே போயிருக்கும். பெரிய வெங்காயம் கிளப்பும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வயல்களிலும், தேவஹூவ குளக்கட்டிலும், கலாவெவ பக்கம் யானைக் கூட்டம் பார்க்கப் போகிற இடத்திலும் இதே கதைதான்.

கமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மெகாபிக்சல் என்பது. அடுத்தது, எத்தனை மடங்கு சூம் என்பது. இரண்டையும் கேட்கலாம். ஆனால் எடுக்கப்போகும் படத்தை எடுப்பதற்கு முன்னால் பார்க்க முடியுமா என்ற கேள்விதான் முதலில் வர வேண்டியது. கடைக்குள் எரியும் வெளிச்சத்தில் எல்லாத் திரைகளும் அழகாகத்தான் இருக்கும். வெயிலில் அவற்றைப் பிரித்துக் காட்டுவது எது என்பதை இயற்பியல் தெளிவாகச் சொல்கிறது: திரை எவ்வளவு ஒளிர்கிறது என்பது கேள்வியின் பாதிதான். சுற்றியுள்ள வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி நம் கண்ணில் எறிகிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கவனித்து வாங்குகிறவர் வெயிலிலும் பார்த்தே படம் எடுப்பார்.

சட்டையும் திரையும்

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு பரப்பு நம் கண்ணை நோக்கி எவ்வளவு பிரகாசிக்கிறது என்பதற்கு நிட் என்பது அலகு. விளக்கு எரியும் கடைக்குள் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். மேகம் மூடிய பகலில் வெளியே 10,000 லக்ஸ் அளவில் இருக்கும். மேகமில்லாத நண்பகல் வெயிலில் அது 100,000 லக்ஸைத் தொடும். கடை வாசலைத் தாண்டி வீதிக்கு இறங்கும் அந்த ஓர் அடியில் வெளிச்சம் இருநூறு முந்நூறு மடங்கு கூடிவிடுகிறது. கமராத் திரையோ அதே சில நூறு நிட்டில்தான் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

சாதாரணக் கண்ணாடி, தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் திருப்பி அனுப்பும். 4 வீதம் சின்னத் தொகைபோலத் தெரியும். வெயிலில் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அதன் பலம் புரியும்.

நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறீர்கள். சாய்வாக விழும் காலை வெயில் உங்கள் நெஞ்சின்மேல் 50,000 லக்ஸ் அளவுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் துணி அதில் ஏறத்தாழ 80 வீதத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அப்போது சட்டையின் பிரகாசம் சுமார் 12,700 நிட். கையில் பிடித்திருக்கும் கமராத் திரை அந்தச் சட்டையைப் பார்த்தபடி இருக்கிறது. அதில் 4 வீதத்தைத் திரைக் கண்ணாடி திருப்பி அனுப்பினால், ஏறத்தாழ 500 நிட் ஒளி படத்தின்மேல் வெள்ளையடித்ததுபோலப் படிகிறது. திரையின் சொந்த ஒளி 400 நிட் என்றால், படத்தின் மிக வெளிச்சமான இடம் கண்ணுக்கு 900 நிட். கன்னங்கறுப்பான இடமும் 500 நிட். இரண்டுக்கும் வித்தியாசம் 1.8 மடங்குதான். அதே திரை கடைக்குள் 90 மடங்கு வித்தியாசம் காட்டியிருக்கும். படம் மறையவில்லை. கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டதால் கண்ணால் பிரித்தெடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இனிக் கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். திரையின் ஒளியை இரட்டிப்பாக்கி 800 நிட் ஆக்கினால் வித்தியாசம் 2.6 மடங்காகும். பற்றரி சீக்கிரம் இறங்கும், கமரா சூடேறும், கிடைத்த நன்மையோ கொஞ்சம். திரையை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டைக்குப் பதில் 5 வீதம் மட்டுமே ஒளியைச் சிதறடிக்கும் கறுத்தச் சட்டையைப் போட்டால், பிரதிபலிப்பு 500 நிட்டிலிருந்து 32 நிட்டுக்கு இறங்கும். வித்தியாசம் 13 மடங்காக உயரும். சட்டையின் நிறம் செய்கிற வேலையைப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் பிரகாசத் திரை செய்யாது.

மதிய நேரத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தண்ணீரில் வானம் பளபளக்கும்போது அடியில் கிடக்கும் வாளி தெரியாது. தலையை நீட்டி, தண்ணீரில் நம் தலையின் இருண்ட நிழல் விழும்படி செய்தால் வாளி தெரியும். வாளிக்குக் கூடுதலாக வெளிச்சம் எதுவும் போய்ச் சேரவில்லை. கண்ணுக்கு வந்துகொண்டிருந்த வானத்தின் ஒளி தடைப்பட்டது.

இதோடு கண்ணின் பங்கும் ஒன்று உண்டு. கண்மணி வெயிலில் 2 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கும், இருட்டில் 8 மில்லிமீற்றர் வரை விரியும். விழித்திரையும் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் உணர்திறனை மாற்றிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான நிட் பிரகாசமுள்ள மைதானத்துக்குப் பழகிய கண்ணுக்கு, 400 நிட் திரை இருண்ட அறையின் சன்னல் மாதிரித்தான் தெரியும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லைக்குள்ளேயே ஒளி சிதறுவதும் கூடும். அதனால் பேரனுக்கு ஓரளவு தெரிகிற திரை அதே இடத்தில் தாத்தாவுக்குத் தெரியாமல் போகிறது. யாருக்காகக் கமரா வாங்குகிறோமோ அவருடைய கண்ணால்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பூச்சு, இடைவெளிக்குப் பசை

பிரதிபலிப்பைக் குறைக்கும் வழியை அறிவியல் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டது. ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் வில்லைகளுக்கு அத்தகைய பூச்சை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கேத்தரின் பிளாஜெட் என்ற பெண் விஞ்ஞானி, 1938இல் கண்ணாடிமேல் மிக மெல்லிய படலங்களை அடுக்கிப் பிரதிபலிப்பு இல்லாத கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடிமேல் வேறொரு பொருளின் படலம் இருந்தால், படலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு பகுதி ஒளியும் அடிப்பரப்பிலிருந்து இன்னொரு பகுதி ஒளியும் திரும்பி வரும். படலத்தின் தடிப்பு, அதற்குள் செல்லும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், ஓர் அலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மக்னீசியம் புளோரைட்டுப் பூச்சில் இந்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இப்படி ஒரேயொரு படலம் 4 வீதப் பிரதிபலிப்பை 1.3 வீதம் அளவுக்கு இறக்கிவிடும். வில்லையின் முகப்பில் தெரியும் ஊதா, பச்சைப் பளபளப்பு இத்தகைய பூச்சுகளின் அடையாளம்.

கமராத் திரையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியே இருப்பது பாதுகாப்புக் கண்ணாடி. அதற்கும் உள்ளிருக்கும் எல்சிடி பலகைக்கும் நடுவில் பழைய கமராக்களில் காற்று இடைவெளி இருக்கும். கண்ணாடியின் மேற்பரப்பு, அதன் உட்பரப்பு, பலகையின் மேற்பரப்பு என மூன்று இடங்களில் ஒளி திரும்பும். 4 வீதம் கிட்டத்தட்ட 12 வீதமாகிவிடும். நம் வெள்ளைச் சட்டைக் கணக்கில் இதைப் போட்டால் வித்தியாசம் 1.8 மடங்கிலிருந்து 1.3க்கு விழும். அந்தக் காற்று இடைவெளியை ஒளிபுகும் பசையால் நிரப்பிவிட்டால் உள்ளே இருக்கும் இரண்டு பிரதிபலிப்புகளும் ஏறக்குறைய இல்லாமல் போகும். கேனன் இஓஎஸ் 7டி கமராவில் ‘கிளியர் வியூ 2’ என்ற பெயரில் வந்தது இந்த ஏற்பாடுதான். பழைய கமரா வாங்குகிறவர்கள் இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். திரையை அணைத்துவிட்டு, எரியும் விளக்கின் பிம்பத்தை அதில் சாய்த்துப் பாருங்கள். ஒரே விளக்கு இரண்டு மூன்றாகப் பிரிந்து, பளிச்சென்று தெரிந்தால் உள்ளே காற்று இடைவெளி உண்டு. ஒற்றையாக, மங்கலாக, நிறம் கலந்து தெரிந்தால் பசையும் பூச்சும் உள்ள திரை.

ஒளியைக் கூட்டும் வழியிலும் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. சோனி 2012இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 என்ற சட்டைப்பைக் கமராவில், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளோடு நான்காவதாக வெள்ளைப் புள்ளியும் சேர்த்த ‘வைட்மேஜிக்’ திரை வந்தது. நிற வடிகட்டி இல்லாத வெள்ளைப் புள்ளி வழியாகக் கூடுதல் ஒளி வெளியேறும். பற்றரியை அதிகம் தின்னாமல் வெயிலில் பிரகாசிக்கும். கைப்பேசிகள் இந்தப் போட்டியில் இன்னும் தூரம் போய்விட்டன. 2022இல் வந்த ஐபோன் 14 புரோவின் திரை வெளிவெளிச்சத்தில் 2,000 நிட் வரை ஒளிரும். 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா, பிரதிபலிப்பை 75 வீதம் வரை குறைக்கும் என்று சொல்லப்படும் கண்ணாடியோடு வந்தது. இரண்டு வழிகளையும் சேர்த்தால்தான் வெயிலை வெல்லலாம் என்பதைக் கைப்பேசி நிறுவனங்கள் புரிந்துகொண்டிருக்கின்றன. ஆனால் வெயிலில் நீண்ட நேரம் வைத்திருந்தால் கைப்பேசி சூடேறித் தானாகவே திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அப்பிள் நிறுவனம் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலையின் மேல் எல்லை 35 பாகை செல்சியஸ். நிழலில்லாத ஏப்ரல் மைதானத்தில், நேர்வெயில் படும் கைப்பேசி அந்த எல்லையைத் தாண்டிச் சூடேறுவது எளிது.

கறுத்தத் துணியிலிருந்து கண்துளைக்கு

வெயிலோடு போராடுவது இந்த நாட்டுப் புகைப்படக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 1868இல் அமைக்கப்பட்ட தொல்லியல் குழுவுக்காக, கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் 1870, 71 ஆண்டுகளில் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளைப் படம் எடுத்தார். அக்காலக் கமராவின் பின்புறத்தில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடு இருக்கும். அதில் காட்சி தலைகீழாக விழும். திறந்த வெளியில் அந்த பிம்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், கறுத்தத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும். அந்தத் துணி பிம்பத்துக்கு ஒளி கூட்டவில்லை, சுற்றியுள்ள வெளிச்சத்தை வெட்டியது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அதைவிடச் சிறந்த தீர்வு கிடைக்கவில்லை. துணி சுருங்கி, கண்ணோடு ஒட்டும் இறப்பர் வளையமாகிவிட்டது. அதுதான் வியூஃபைண்டர்.

கண் கமராவை விட்டு விலகியது 1995இல். கேசியோ க்யூவி-10 என்ற கமரா 1.8 அங்குல வண்ணத் திரையோடு வந்தது. கண் வைத்துப் பார்க்கும் துளை அதில் இல்லை. கையை நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்தபடி படம் எடுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. பிறகு திரைகள் பெரிதாகப் பெரிதாக, அவற்றுக்கு இடம்விட்டு வியூஃபைண்டர்கள் மறைந்தன. இன்றும் விலை குறைந்த கமரா என்றால் முதலில் வெட்டப்படும் உறுப்பு அதுதான். சோனி இசட்வி-இ10, நிக்கோன் இசட்30 ஆகிய இரண்டும் நல்ல படம் தருபவை. ஆனால் தன்னைத்தானே வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதால் வியூஃபைண்டர் கிடையாது. அதே குடும்பத்தில் நிக்கோன் இசட்50இல் உண்டு. கேனனின் இஓஎஸ் ஆர்50, ஆர்100 இரண்டிலும் உண்டு. படங்களில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் இவற்றுக்கு நடுவில், கலேவெல வெயிலில் இரவும் பகலும்போல வித்தியாசம் தெரியும்.

வியூஃபைண்டர்களில் மூன்று வகை உண்டு. முதலாவது, பழைய சிறு கமராக்களில் வில்லைக்கு மேலே இருக்கும் கண்ணாடித் துளை. கேனன் ஜி16 போன்றவற்றில் 2013 வரையும் வந்தது. மின்சாரமே தேவைப்படாது. ஆனால் படத்தின் முழுப் பரப்பையும் அது காட்டாது. துளை வேறு இடத்திலும் வில்லை வேறு இடத்திலும் இருப்பதால், கிட்டத்தில் இருக்கும் பூவைப் படம் எடுத்தால் குறி தப்பும்.

இரண்டாவது, டிஎஸ்எல்ஆர் கமராக்களில் உள்ளது. வில்லை வழியாக வரும் அதே ஒளி, கண்ணாடியில் பட்டு மேலே ஏறிக் கண்ணுக்கு வரும். வெயில் ஏற ஏறக் காட்சியும் தெளியும். விலை கூடிய கமராக்களில் ஒளியைத் திருப்புவது திண்மக் கண்ணாடிப் பட்டகம். கேனன் 1500டி போன்ற விலை குறைந்தவற்றில் ஆடிகளின் கூட்டு. ஒவ்வோர் ஆடியிலும் கொஞ்சம் ஒளி இழக்கப்படுவதால் காட்சி சற்று இருண்டிருக்கும். பழைய டிஎஸ்எல்ஆர்கள் இப்போது பாவித்த நிலையில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. நேர்வெயிலில் வேலை செய்கிறவருக்கு, புதிதாக வரும் வியூஃபைண்டர் இல்லாத கமராவைவிட நல்ல நிலையிலுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் மேல்.

மூன்றாவது, மின்னணு வியூஃபைண்டர். ஒரு சென்ரிமீற்றர் அளவுள்ள குட்டித் திரையை உருப்பெருக்கும் வில்லை வழியாகப் பார்ப்பது. 2008இல் பானசோனிக் ஜி1 கமரா இதோடு வந்து, கண்ணாடி இல்லாத கமராக்களின் காலத்தைத் தொடக்கியது. இன்று பல கமராக்களில் 23.6 இலட்சம் புள்ளிகள் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். ஆக உண்மையில் 1024க்கு 768 பிக்சல்கள். படம் அமைக்கவும் குவியத்தைச் சரிபார்க்கவும் இது தாராளமாகப் போதும். எடுக்கப்போகும் படம் வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்பதையும் முன்கூட்டியே காட்டும் என்பது இதன் தனிப்பலம்.

விளம்பரத்தாளில் உருப்பெருக்கம் என்று ஓர் எண் இருக்கும். அதை அப்படியே நம்பி ஒப்பிடக்கூடாது. கேனன் 1500டியின் எண் 0.8. ஆனால் அதன் உணரி முழுச்சட்ட உணரியைவிட 1.6 மடங்கு சிறியது. வகுத்துப் பார்த்தால் 0.5தான். முழுச்சட்டக் கமராவில் 0.7 என்று எழுதியிருந்தால் அதன் காட்சிதான் பெரியது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். கண் எவ்வளவு தூரம்வரை விலகினாலும் நான்கு மூலைகளும் தெரியும் என்பதைச் சொல்லும் கண்தூரம் அது. 20 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூலைகள் மறைந்துவிடும்.

வியூஃபைண்டர் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக் கமராவைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு கமராவில் இருக்காது. கண்துளைக்குப் பக்கத்தில் நகத்தால் திருப்பக்கூடிய ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பார்க்கிறவரின் கண்பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது எதிரே இருக்கும் மரத்தைப் பார்க்கக்கூடாது. வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் கோடுகளையும் பாருங்கள். அவை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். வேறொருவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தந்தால் மறுபடியும் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெயில் ஊரில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். மின்னணு வியூஃபைண்டரின் வில்லை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். கண்துளை மேல்நோக்கி இருக்கும்படி கமராவை மேசையிலோ வாகனத்தின் ஆசனத்திலோ வைத்துவிட்டுப் போனால், சூரிய ஒளி அதன் வழியாகக் குவிந்து உள்ளிருக்கும் குட்டித் திரையை எரித்துவிடும். அழியாத கறை அங்கே விழும். டிஎஸ்எல்ஆர் வழியாகச் சூரியனைப் பார்ப்பது அதைவிட ஆபத்து. எரிவது கண்ணின் விழித்திரை. பிள்ளைகளிடம் கமராவைக் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

குகைக்குள் போனால்

கலேவெலயிலிருந்து அதே வீதியில் வடகிழக்கே போனால் தம்புள்ளை. 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற குகை விகாரையில் ஐந்து குகைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் சுவரோவியங்கள். பாறையின் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் பிரச்சினை தலைகீழாகிறது. பிரதிபலிப்பு இல்லை, வெளிச்சமும் இல்லை. ஓவியங்களைக் காப்பாற்ற ஃபிளாஷ் அடிக்கக் கூடாத இடம். வெயிலில் நின்ற கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் பிடிக்கும்.

டிஎஸ்எல்ஆரில் வில்லை உள்ளே விடுகிற ஒளிதான் கண்ணுக்குக் கிடைக்கும். கமராவோடு வரும் வில்லையைச் சூம் செய்தால் துவாரம் எஃப் 5.6. தனியாக வாங்கும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றில் எஃப் 1.8. இரண்டின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி. படம் மட்டுமல்ல, வியூஃபைண்டரும் தெளியும். மின்னணு வியூஃபைண்டர் ஒளியைப் பெருக்கிக் காட்டும். கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். ஆனால் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் ஓடும், கமராவைத் திருப்பினால் காட்சி இழுபடும். அசையாத ஓவியத்துக்கு அது தடையில்லை. இங்கே ஓஎல்இடித் திரைக்கு ஒரு மேன்மை உண்டு. கறுப்புப் புள்ளிகள் முழுதாக அணைந்துவிடுவதால் இருட்டில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். வெயிலில் அந்த மேன்மை கரைந்துபோகும் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்கிறது.

திரை பொய் சொல்லும், வரைபு சொல்லாது

படத்தைப் பார்க்க முடியாமல் போவதைவிடக் கெட்டது, தப்பாகப் பார்ப்பது. வெயிலில் திரை இருண்டு தெரிவதால், படம் இருண்டுவிட்டது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறோம். வீட்டில் பார்த்தால் பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை வெறும் வெள்ளைத் திட்டாக, மடிப்போ பொத்தானோ இல்லாமல் இருக்கும். குகைக்குள் நேர்மாறு. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை பளீரென்று தெரிய, வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறோம். படம் சேறாகிவிடும்.

இதற்கு மருந்து ஹிஸ்டோகிராம் என்ற வரைபு. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. நடுவில் எழும் மேடுகள், எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதைக் காட்டும். வலது ஓரச் சுவரில் மேடு முட்டி நின்றால் வெள்ளை எரிந்துவிட்டது, குறைக்க வேண்டும். இது எண்ணிக்கையிலிருந்து வருவதால் சுற்றியுள்ள வெளிச்சம் இதை மாற்றாது. எடுத்த பிறகு மட்டுமின்றி எடுப்பதற்கு முன்னரும் இந்த வரைபைக் காட்டும் கமராவாகத் தெரிவு செய்யுங்கள். எதுவுமே தெரியாத வெயிலில் பிலிம் காலத்து விதி கைகொடுக்கும். மேகமில்லாத வெயிலில் துவாரம் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் வேகம் நொடியில் நூறில் ஒரு பங்கு. சூரியன் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் எரிகிறது என்பதால் இந்த விதி இன்றும் பலிக்கும்.

கையில் இருப்பதைக் காப்பாற்ற

புதுக் கமரா வாங்க வசதியில்லாதவர்களும் இன்றே நிறையச் செய்யலாம். முதலில் திரையின் ஒளியை மெனுவில் உச்சத்துக்கு ஏற்றுங்கள். பல கமராக்களில் வெயிலுக்கென்று தனித் தெரிவு இருக்கும். விரல் எண்ணெயையும் தூசியையும் மென்மையான துணியால் துடையுங்கள். வெயிலில் எண்ணெய்ப்பசை ஒளியைத் திரை முழுக்கச் சிதறடிக்கும். வெளியில் படம் எடுக்கும் நாளில் கருநிறச் சட்டை போடுங்கள். திரையை மேலே மடித்துப் பார்த்தால் அது வானத்தைப் பிரதிபலிக்கும் என்பதால், நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். துருவமாக்கும் குளிர்க்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். எல்சிடித் திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வதால், கமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது அந்தக் கண்ணாடி வழியே திரை முழுக் கறுப்பாகிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் கறுப்புக் குடையை ஒருவர் பின்னால் நின்று பிடித்தால் போதும். லோட்டன் காலத்துத் துணியின் வேலையை அது செய்யும்.

கடையில் செய்ய வேண்டியது

வாங்கப் போகும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வியூஃபைண்டர் இருக்கிறதா? உங்கள் கண்ணாடியோடு நான்கு மூலைகளும் தெரிகின்றனவா? சக்கரத்தைத் திருப்பினால் எழுத்துகள் கூர்மையாகின்றனவா? திரை பல பக்கம் மடங்குமா? விளக்கின் பிம்பம் அதில் ஒற்றையாக மங்கித் தெரிகிறதா? படம் எடுக்கும் முன்னரே வரைபைக் காட்டுமா? இவற்றுக்குப் பின்னர் மெகாபிக்சலுக்கு வாருங்கள். இன்று விற்பனையாகும் எந்தக் கமராவின் மெகாபிக்சலும் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்குப் போதும்.

கடைசிச் சோதனையைக் கடைக்குள் செய்ய முடியாது. திரையின் பளிச்சிடும் வேறுபாட்டு விகிதங்கள் பெரும்பாலும் இருட்டறையில் அளக்கப்பட்டவை. நாம் இருட்டறையில் வாழவில்லை. ஆகவே பகல் பன்னிரண்டு மணியளவில், வெள்ளைச் சட்டையோடு கடைக்குப் போங்கள். கமராவை வாசலுக்குக் கொண்டு வந்து, வீதியில் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் திரையில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கண்துளையில் பாருங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் பதில், பெட்டியில் அச்சிட்ட எல்லா எண்களையும்விட உங்களுக்குப் பயன்படும். வெயிலுக்கு எடுத்துப் போக விடாத கடையில் வாங்காதீர்கள். விடுகிற கடை வேறொன்று இருக்கும்.